துளைத் தட்டின் அடிக்குறிப்பு

1.

இந்தக் கதை ஒரு துணியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? போன வியாழக்கிழமை மதியம், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பானையின் மூடிமேல் பாரம் ஏற்றும்போது அதைச் சுற்றுகிற வெள்ளைத் துணி. அதில் துருக்கறை. வட்டவட்டமாகப் புள்ளிகள், அவற்றில் மூன்றைத் தொட்டுக்கொண்டு ஓரம்வரை ஓடும் ஒரு கோடு. கோலம் போட உட்கார்ந்தவள் மூன்று புள்ளியை இணைத்துவிட்டுப் பாதியில் எழுந்து போனதுபோல் இருந்தது. கீழே ஒரு வரி: "துவைச்சும் போகல. இது என்ன கோடு?"

அது என்னவென்று எனக்குத் தெரியும். கையிலிருந்த குச்சிகள் கிண்ணத்துக்குள் விழுந்தன. அந்த அதிர்ச்சி இதை எழுதும் இந்த நிமிடம்வரை நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. வாக்கியங்கள் அங்கங்கே தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: "அகாகி மலைச்சரிவில் பனி விழுந்து…" வேண்டாம். பனியில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "தெய்ஜி தன் காரைக் கண்போலப் பார்த்துக்கொண்டான், ஆனால்…" இந்த 'ஆனால்' வந்ததுமே அவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். அவனைக் குற்றவாளி ஆக்குவது எனக்கு எவ்வளவு வசதி என்பது உங்களுக்குப் பிறகு தெரியும். [அடித்தேன்.]

மூன்றாவது: "ஒரு வீட்டில் ஒரு கார். அதற்கு இரண்டு வேலை." இது இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். இதில் அடிக்குறிப்புகள் வரும். வழக்கமாகத் தாண்டிப் போகிறவர் என்றால், இந்த ஒருமுறை தாண்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

3.

ஒரு வீட்டில் ஒரு கார். அதற்கு இரண்டு வேலை. திங்கள் முதல் வெள்ளிவரை மிதோரி, நான்கு வயது மகள் சுஸுவைப் பின்சீட்டில் கட்டி உட்காரவைத்து, பதினோரு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அவளை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டுப் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் கணவன் தெய்ஜி, குழந்தை இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அதே காரைப் பந்தயத் தளத்துக்கு ஓட்டிப் போவான். பரிசுக்காக இல்லை. போன மாதத்தைவிட அரை நொடி குறைத்தால் அவனுக்கு அந்த வாரம் முழுக்கத் தீபாவளி.

மூன்று வருடம் முன்பு முன்சக்கர பிரேக் தட்டுகள், சக்கரத்தோடு சுழலும் அந்த வட்ட இரும்புகள், தேயத் தொடங்கின. புதிதாக எதைப் போடுவது? வழுவழுப்பான சாதாத் தட்டு, கோடு கீறிய தட்டு, துளையிட்ட தட்டு என்று மூன்று இருந்தன. பட்டறைக்காரர் ஓகுரா சாதாவைத்தான் சொன்னார்.

"துளை பார்க்க ஜோராத்தான்யா இருக்கும். கடை வாசல்ல நிறுத்தினா நாலு பேரு குனிஞ்சு பார்ப்பான். ஆனா டிராக்ல சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி… துளையோரத்துலதான் முதல்ல கீறல் விடும்."

"மழையில நல்லாப் பிடிக்குமாமே?"

"உம்ம வீட்டம்மா போற வேகத்துக்குச் சாதாவே போதும். உமக்கும் போதும். உம்ம வேகம் எனக்குத் தெரியாதா?"

பட்டறையே சிரித்தது. தெய்ஜிக்குக் காது சிவந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கேட்டலாக்கை உருவி, துளைத் தட்டின் படத்துக்குக் கீழே விரலை வைத்தான். "இதோ போட்டிருக்கு பாருங்க. 'வாரநாளில் வீதி, ஞாயிறில் பந்தயம்: இரண்டுக்கும் ஒரே தட்டு.' சும்மா போடுவாங்களா?"

"எழுதினவன் கார் ஓட்டுவானாமா?" என்றார் ஓகுரா.

(அடிக்குறிப்பு 1: ஓட்டமாட்டான். ரயிலில் போய்வருகிறவன்.)

4.

மிதோரியை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் படியில், அவளுக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். கதைக்கு அது தோது. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் போன அக்டோபரில், சாப்பிடும்போது, அவள் சொன்னாள்.

"ஏங்க, கடைசி வளைவுல பிரேக்கை அழுத்தினா டிக் டிக்குனு ஒரு சத்தம் வருது."

"துளை போட்ட தட்டுன்னா அப்படித்தான். பிரேக் பேடு துளைமேல உரசிக்கிட்டுப் போகும்ல."

"முன்னாடி இப்படி இல்லையே."

"அடேங்கப்பா, என்ன காது! ஏதாவது பந்தயக் குழுவுல வேலை வாங்கித் தரவா?"

"வாங்கிக் குடுங்க. நாள்பூரா வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு சொல்லி அலுத்துப்போச்சு."

சுஸு கரண்டியால் கிண்ணத்தைத் தட்டி "டிக் டிக்" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை நான்கு முறை அடித்துவிட்டு நான்கு முறையும் திரும்ப எழுதினேன். அது நடந்தது. அதை அடிக்க எனக்கு உரிமையில்லை.

5.

டிசம்பரில் மலைப்பாதையில் பனி உருக உப்புத் தூவ ஆரம்பித்தார்கள். துளைத் தட்டுகள் துருப்பிடித்து அழகு கெட்டுவிடுமே என்று தெய்ஜி அவற்றைக் கழற்றினான். பழைய சாதாத் தட்டுகள் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்; அவற்றை மாட்டினான். கழற்றியதன் கனத்தை அளந்து பார்த்தான். ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவே இருந்தது. மார்ச்சில் பந்தயத் தளத்துக்குத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணெய் பூசிப் பின்வராந்தாவில் வைத்தான். பளபளக்கும் வெளிமுகத்தைப் பார்த்தான். உள்முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

(அடிக்குறிப்பு 2: கனத்தை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் மனம் ஆறிவிடுகிறது. விரிசலுக்கு எண் கிடையாது. குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.)

மிதோரி அந்தக் குளிருக்கு இரண்டு பானை ஊறுகாய் போட்டாள். இரண்டாவது பானைக்குப் பாரக்கல் இல்லை. வராந்தாவில் எட்டுக் கிலோ வட்ட இரும்பு சும்மா கிடந்தது. துடைத்து, துணியில் சுற்றி, மரமூடிமேல் ஏற்றிவிட்டாள். உப்புநீர் மெல்லத் துணியில் ஊறியது. எண்ணெய் பட்ட முகம் தப்பியது. துளைகளுக்குள்ளும், எண்ணெய் எட்டாத இன்னோர் இடத்திலும் துரு ஏறியது.

சனிக்கிழமை காலை, துணி உலர்த்தும் கொடியில் தெய்ஜி அதைப் பார்த்தான்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு புள்ளிகளை எண்ணினான். அந்த வரிசை அவனுக்கு மனப்பாடம். ஓடிப்போய்ப் பானைமேல் இருந்ததைப் புரட்டிப்போட்டு, உள்முகத்தில் நகத்தை ஓட்டினான். நகம் மாட்டியது. விளிம்புவரை மாட்டிக்கொண்டே போனது. தூக்கிப் பிடித்து ஸ்பானரால் தட்டினான். மணிபோல் ஒலிக்க வேண்டிய இரும்பு பொத்தென்றது. அப்படியே பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அக்டோபர். நவம்பர். வாரத்துக்கு ஐந்து நாள். நாளுக்குப் பதினோரு வளைவு. பின்சீட்டில்…

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.]

"என்னங்க, கோஸைத் திருடித் திங்கிறீங்களா?" என்றாள் மிதோரி, கதவோரம் நின்று.

"டிக் டிக்குனு சொன்னியே," என்றான் அவன்.

6.

மிதோரி என் தங்கை. இதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கேட்டலாக் வரியை எழுதியவன் நான். பிழைப்புக்கு எழுதுவது அதுதான், கதை மீதிநேரத்தில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அந்தத் தட்டைச் சோதித்த பொறியாளர், வரிக்குக் கீழே போடச் சொல்லி ஓர் அடிக்குறிப்பு அனுப்பியிருந்தார். மூன்று வரி. அது படத்தின் கீழ்ப்பாகத்தை மறைத்தது. என் வரியின் ஓசையைக் கெடுத்தது. எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்த வரிக்காக என்னைப் பாராட்டி விருந்து வேறு வைத்தார்கள். கேட்டலாக் புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைப் பெருமையோடு தங்கை வீட்டுக்கு அனுப்பியதும் நானேதான்.

7.

சனிக்கிழமை மதியம் மிதோரி போன் செய்தாள்.

"அண்ணா, படம் அனுப்பி ரெண்டு நாளாச்சு. பதிலே காணோம்?"

"வேலை."

"அவரே கண்டுபிடிச்சிட்டாரு. விரிசலாம். காலையிலேருந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு. தப்பு பூரா தன்னோடதாம். சுஸுகிட்டகூட மன்னிப்புக் கேட்டாரு. அதுக்கு என்ன புரியும்? 'பரவாயில்லப்பா, டிக் டிக்'ங்குது."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இப்ப புதுசு வாங்கணும். உன் புத்தகத்தைத்தான் மடியில விரிச்சு வச்சிருக்காரு. மச்சானைக் கேளு, மச்சானைக் கேளுன்னு ஒரே நச்சரிப்பு. எதை வாங்கட்டும்?"

முடிவுகள் இருக்கின்றன.

(அ) "சாதாத் தட்டு" என்கிறேன். வாங்கி மாட்டுகிறார்கள். எல்லாரும் பத்திரம். தெய்ஜி ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்வான். நான் புதுவருடத்துக்குப் போய் அவர்கள் வீட்டு ஊறுகாயைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பேன்.

(ஆ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் மிதோரி…

(இ) [எழுதினேன். இதில் அக்டோபரிலேயே, பிரேக்கை அழுத்தியும் கார் நிற்கவில்லை. கிழித்துப் போட்டேன். துண்டுகளைப் பொறுக்கி மறுபடியும் கிழித்தேன்.]

நிஜத்தில் நான் சொன்னது ஒரே சொல்: "சாதா."

"சாதாவா? துளை போட்டதுதான் ரெண்டுக்கும் ஆகும்னு நீதானே எழுதியிருக்கே?"

அவள் அதைக் குத்திக் கேட்கவில்லை. அண்ணன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் முன்னால் மேசையில் கேட்டலாக்கின் புதுப் பதிப்புக்கான அச்சுப்படி கிடக்கிறது. அதே படம், அதே வரி. ஐந்து மணிக்குள் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.

இங்கேயே நிறுத்துகிறேன். அவள் போனில் காத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும்போது பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் படம் எதுவும் இல்லை. மூன்று வரிக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

(அடிக்குறிப்பு 3, மூன்று வருடம் தாமதமாக: பந்தயத் தளத்தில் ஓட்டியபின், வீதியில் இறங்கும் முன், தட்டின் இரண்டு முகங்களையும் பார்க்கவும். விரிசல் விளிம்பை எட்டியிருந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். யாரையும் ஏற்றாதீர்கள்.)