கோழிப் படம் போட்ட டப்பா

ஊரார் பிள்ளைகளையெல்லாம் பத்து நிமிடத்தில் தூங்கவைக்கிறவளுக்குத் தன்னைத் தூங்கவைக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆயாம்மாவின் வீட்டுக்காரரே நம்பவில்லை.

"சும்மா சொல்லாத. நேத்து ராத்திரி நானே பார்த்தேன், நல்லாத் தூங்கிட்டிருந்த."

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"தூக்கத்துல திரும்பிப் படுக்கறப்போ பார்த்தேன்."

மின்விசிறி பழுது பார்க்கிற மனிதர் அவர். நாளெல்லாம் சுழலாததைச் சுழலவைத்துவிட்டு வந்து படுத்தால், தலை தலையணையில் படுவதற்கு முன்பே ஆள் போய்விடுவார். "நாளைக்குக் காலையில அந்த..." என்று ஆரம்பிப்பார். எந்த 'அந்த' என்பது மறுநாள் காலையில்தான் தெரியவரும். ஆயாம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தை நூறு விதமாக முடித்துப் பார்ப்பாள்.

ஐம்பத்திரண்டு வயதுவரை அவளும் மற்றவர்களைப் போலத்தான் தூங்கினாள். நான்கு மாதமாகத்தான் இந்தக் கூத்து. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நாத்தனார் சூடாகப் பால் குடிக்கச் சொன்னாள். குடித்தாள். பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துவிட்டோமே என்று எழுந்து போய்க் கழுவினாள், மிச்சமிருந்த தூக்கமும் தண்ணீரோடு போனது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், மழை பெய்கிற சத்தத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டதுதான், மொட்டைமாடியில் காயப்போட்ட துணி நினைவுக்கு வந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார் வீட்டுக்காரர். எண்ணிப் பூஜ்யத்துக்கு வந்தபின், அறுபத்தேழை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

கடைசியில் டாக்டரிடம் போனாள். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதுவே அவளுக்குப் பாதி மருந்து.

"தினம் பாதி மாத்திரை. படுக்கப் போறப்போ மட்டும். ஒரு மாசம் பார்ப்போம். தூக்கம் வரலைன்னு நடுராத்திரியில இன்னொரு பாதியைத் தேடக் கூடாது, என்ன?"

தேடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ராத்திரி இரண்டு மணி ஆயாம்மாவைப் பகல் நேரத்து ஆயாம்மாவே நம்ப மாட்டாள். அதனால் மாத்திரைகளை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தாள். வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்திலேயே வைத்துவிட்டு, தினமும் ஒரு பாதியை மட்டும் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். தன் புத்திசாலித்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காப்பகத்தில் பள்ளிக்கூடம் போகிற வயது வராத இருபத்திரண்டு பிள்ளைகள். எழுத்துத் தெரியாத கூட்டம் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம். ஆமைப் பிள்ளையின் பாயில் ஆமை, டம்ளரில் ஆமை, பை மாட்டும் ஆணிக்கு மேலே ஆமை. குடை, ரயில், மீன், பூசணிக்காய் என்று இப்படியே. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் மருந்துகளை வைக்க, பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல் அலமாரியில் அதே படங்கள் ஒட்டிய டப்பாக்கள் வரிசையாக இருக்கும். மாத்திரையைச் சரிபாதியாக வெட்ட, மூடியில் பிளேடு வைத்த சின்னப் பெட்டியும் அங்கேயே உண்டு. கோழிப் பிள்ளை ஊர் மாறிப் போனதிலிருந்து அந்த டப்பா காலியாக இருந்தது. ஆயாம்மா தன் பாதி மாத்திரைகளை அதில் போட்டுவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. 'தூங்கவைக்கிறவளுக்கே தூக்க மாத்திரையா' என்று சின்ன டீச்சர் கேலி செய்வாளே என்ற வெட்கம்.

அந்த வாரம் புதிதாக ஒரு பாப்பா வந்து சேர்ந்தது. மூன்று வயது. மூன்று நாளாக ஒரே அழுகை. மத்தியானத் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற இருபத்தொரு பிள்ளைகளும் சுருண்டு கிடக்கும்போது, இது மட்டும் பாயில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்காம் நாள் காலை முழுவதும் ஆயாம்மா அதை இடுப்பை விட்டு இறக்கவேயில்லை. துணி மடித்தாள், பால் ஆற்றினாள், சண்டை விலக்கினாள், எல்லாம் அந்தப் பாரத்தோடுதான்.

"இடுப்பு ஒடிஞ்சிடப் போகுது ஆயாம்மா, இறக்கி விடுங்க" என்றாள் சின்ன டீச்சர்.

"இறக்கினா உன் காதுதான் கிழியும். பரவாயில்லையா?"

"அப்போ நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கங்க."

மத்தியானம் பாயில் விட்டதும் பாப்பா ஒரு தடவை விசும்பியது. தட்டிக்கொடுத்தாள். தூங்கிவிட்டது! ஆயாம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டும் தூங்குகிற ஓர் அறை எவ்வளவு அழகு என்று நின்று பார்த்தாள். கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னாள். அந்த நன்றியில் தன் கைராசிக்கும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொண்டாள்.

பிறகு வழக்கம்போல அன்றைய பாதி மாத்திரையை மடித்துவைக்க மேல் அலமாரியைத் திறந்தாள். காலையில் வந்ததும் எண்ணியபோது ஐந்து பாதி இருந்தது. இப்போது நான்குதான் இருந்தது.

மறுபடியும் எண்ணினாள். நான்கு. டப்பாவின் மேல் கோழி சிவந்த கொண்டையோடு நின்றது. திரும்பிப் பார்த்தாள். புதுப் பாப்பாவின் தலைமாட்டில், பளபளவென்று, இன்று காலை ஒட்டிய பசை வாசனை போகாமல், அதே கோழி.

டப்பாவை மூடக்கூடத் தோன்றாமல் பாப்பாவின் பாய்க்கு ஓடினாள்.

மருந்து கொடுப்பது சின்ன டீச்சரின் வேலை. பன்னிரண்டரை மணிக்கு ஒவ்வொரு படமாக எடுத்துக் கொடுப்பாள். புதுப் பிள்ளைக்குக் காலையில் கோழியைக் கொடுத்தவளும் அவள்தான். கோழி டப்பாவில் வெட்டிய மாத்திரை இருந்தால், வீட்டிலிருந்து வந்தது என்றுதானே நினைப்பாள்? கேட்கலாம் என்றால் அவள் பல் பிடுங்கிக்கொள்ள ஒரு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். கைப்பேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து கிடக்கிறவள் எப்படி எடுப்பாள்?

ஆயாம்மா பாப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அது முனகிவிட்டு மறுபக்கம் புரண்டது. மூச்சு சீராகத்தான் வந்தது. ஆனால் அது எத்தனை நேரம் அப்படியே வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளே ஒரு குரல் பேசியது. எழுந்தாலும் எழுந்துவிடும், கொஞ்ச நேரம் பாரேன், சொன்னால் உன் வேலை போகும், பதினெட்டு வருடப் பேர் போகும் என்றது. ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு பாதியைத் தேடச் சொல்கிற அதே குரல். பகலிலும் அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதோடு வாதாட நேரமில்லை. பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, காப்பகத்தை நடத்தும் பெரிய டீச்சரின் அறைக்கு ஓடினாள்.

பெரிய டீச்சர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். அப்படிப்பட்டவர் இன்று மேசையில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது.

"டீச்சர்! டீச்சர்! எழுந்திருங்க. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"ம்... யாரு?"

"நான்தான் டீச்சர். என் தூக்க மாத்திரையைக் கோழி டப்பாவில வெச்சிருந்தேன். பாப்பாவுக்குக் கோழியைக் கொடுத்துட்டாங்க. ஒரு பாதியைக் காணோம். பாப்பா எழுந்திரிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியைக் கூப்பிடுங்க, அப்புறம் என்னை என்ன வேணா திட்டுங்க."

பெரிய டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பாதி மாத்திரையா?"

"ஆமா."

"வெள்ளையா? சின்னதா?"

"ஆமா டீச்சர்!"

"சாசர்ல இருந்துச்சே. பக்கத்துல தண்ணி ஜக்கும் இருந்துச்சு." பெரிய டீச்சர் மிகுந்த சிரமத்துடன் யோசித்தார். "காலையிலேர்ந்து தலைவலி தலைவலின்னு சொல்லிட்டிருந்தேனா... பாவம், யாரோ அன்பா வெச்சிட்டுப் போயிருக்காங்கன்னு முழுங்கிட்டேன்." மறுபடியும் கன்னத்தை மேசையில் வைத்தார். "நல்ல மாத்திரை. தலைவலி போயிடுச்சு."

அந்த நேரம் பார்த்து, இத்தனை உலுக்கலும் ஓட்டமும் தாங்காமல் பாப்பா கண்ணை விழித்தது. அரைத் தூக்கத்தில் எழுப்பிய கோபம் முழுவதையும் திரட்டி, ஆயாம்மாவின் காதுக்குப் பக்கத்தில் ஓர் அலறல் அலறியது. அந்த அலறலைப் போல இனிமையான சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பாப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அரை மணி கழித்துச் சின்ன டீச்சர் மூச்சு வாங்க ஓடிவந்தாள். கைப்பேசியில் பதினேழு அழைப்புகளைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். பிடுங்கிய பல்லின் இடத்தில் பஞ்சு. ஒரு பக்க வாய் மரத்துப்போய் அவள் பேச்சைக் கேட்காமல் கிடந்தது. நடந்ததை அவள்தான் விளக்கினாள். கோழி டப்பாவில் மாத்திரை இருந்தது, ஆனால் அம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பது காப்பகத்துச் சட்டம். அதனால் ஒரு பாதியைச் சாசரில் வைத்துப் பெரிய டீச்சரிடம் கேட்கப் போனாள். அவர் அறையில் இல்லை. அதற்குள் ரயிலும் பூசணிக்காயும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டன. சாசரை மேசையில் வைத்துவிட்டு விலக்கிவிட ஓடினாள். பிறகு பல்வலியில் மறந்தே போனாள்.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டார்கள். பெரியவர்களுக்கு அந்த அளவால் பயமில்லை, தூங்கட்டும், பக்கத்தில் ஆள் இருங்கள் என்றார். பெரிய டீச்சரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பிள்ளைகளின் அறையில் படுக்கவைத்தார்கள். மீன் படம் போட்ட பாயில் முழங்காலை மடக்கிப் படுத்தவர், "நாளைக்கு உன்னைத் திட்டணும், ஞாபகப்படுத்து" என்று மட்டும் சொன்னார்.

"பாப்பாவோட அம்மாகிட்ட இதைச் சொல்லப் போறீங்களா என்ன?" என்று சின்ன டீச்சர் பாதி வாயால் கேட்டாள். "பிள்ளைக்கு எதுவும் ஆகலையே. நீங்களா எதுக்குப் போய் மாட்டிக்கறீங்க?"

"ஆகலைதான். உன் புண்ணியத்துல. ஆனா ஆகியிருக்குமே."

"வேலை போயிடும் ஆயாம்மா."

"அவங்க பிள்ளை. அவங்களுக்குத் தெரியணும்."

சாயங்காலம் பாப்பாவின் அம்மா வந்தாள். சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே மட்டும் நாற்பது வயது. ஆயாம்மா ஒன்றையும் மறைக்காமல், தன் பக்கத்துக்கு நியாயம் எதுவும் சேர்க்காமல் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிள்ளையின் பையை ஆணியிலிருந்து எடுத்தாள், டம்ளரையும் துண்டையும்கூட எடுத்துப் பையில் போட்டாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆயாம்மாவுக்கு வரவில்லை. அன்றைய பாதி மாத்திரையையும் அவள் கொண்டுவரவில்லை, அதன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. நடந்ததைக் கேட்ட வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"வேலை போனா போகட்டும். நீ சொன்னது சரிதான். நாளைக்கு நானே வந்து அந்த..." என்றவர் அதற்கு மேல் இல்லை.

அவள் கூரையைப் பார்த்தபடி ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலையைக் கேட்கவில்லை. 'கடவுளே, அந்தப் பிள்ளை நாளைக்கு வரணும்.'

மறுநாள் காலை பெரிய டீச்சர் வாசலிலேயே நின்றார். முகம் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. பதினான்கு மணி நேரத் தூக்கம்.

"திட்டணும்னு சொன்னீங்க டீச்சர்."

"திட்டத்தான் போறேன். உனக்கு உடம்புக்கு முடியலைன்னா எங்ககிட்டச் சொல்றதுக்கென்ன? கேலி பண்ணுவோம், அவ்வளவுதானே? கேலிக்குப் பயந்து டப்பாவுக்குள்ள ஒளிச்சு வைப்பியா? இனிமே பெரியவங்க மருந்தெல்லாம் என் மேசையில, பூட்டி, சாவி என் இடுப்புல. நானும் இனிமே யாருதுன்னு கேக்காம எதையும் வாயில போட மாட்டேன், போதுமா?" குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா வந்து என்ன சொல்றாங்களோ, அதுதான் முடிவு. அதுல நான் தலையிட முடியாது."

எட்டரைக்கு வரவேண்டியவள் ஒன்பதுக்கும் வரவில்லை. ஆமை வந்தது, குடை வந்தது, ரயிலும் பூசணிக்காயும் கைகோத்துக்கொண்டு வந்தன. ஆயாம்மா ஒவ்வொன்றாய் வாங்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள், கண் மட்டும் தெருமுனையில். ஒன்பதே காலுக்கு அங்கே ஒரு பெண் திரும்பினாள். இடுப்பில் பாப்பா, தோளில் பை.

வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண் நின்றாள்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமாம்மா."

"காலையில போன்ல நாலு இடம் விசாரிச்சேன். எல்லாரும், எங்ககிட்டத் தப்பே நடக்காதுன்னு சொன்னாங்க." பிள்ளையின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினாள். "கோபம் இன்னும் போகலை. அதையும் சொல்லிடறேன்."

"போக வேணாம்மா. மெதுவாப் போகட்டும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "மாத்திரை இல்லாமலேதானே நேத்து தூங்கினா? எப்படித் தூங்கவெச்சீங்க? வீட்டுல ராத்திரி பன்னெண்டு மணிவரைக்கும் என்னை விட மாட்டா" என்று கேட்டாள்.

"பெரிய வித்தை ஒண்ணும் இல்லம்மா. காலையிலேர்ந்து கீழ இறக்கலை. அவ்வளவுதான்."

அந்தப் பெண் தலையாட்டினாள். பிள்ளையை நீட்டினாள். அம்மாவின் கை விலகியதும் பாப்பா வாயைத் திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அழுகையை ஆரம்பித்தது. ஆயாம்மா அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.