கேட்டும் கேளாதவள்

டெக்சஸ் மாநிலத்தின் வானம் மிகப் பெரியது, படிப்பவரே. மலையும் காடும் மறைக்காத அப்பெருவெளியில், ஐப்பசித் திங்களின் இளங்கதிர் லாஸ் கொலினாஸ் பகுதியின் கண்ணாடி மாளிகைகள்மேல் முதலில் விழுந்து, அங்கிருந்து தெறித்து, நெடுஞ்சாலையில் எறும்புச் சாரைபோல் ஊரும் ஊர்திகளின் முதுகை வருடி, மணியொலித்து வரும் சிறு தொடர்வண்டியின் பலகணிகளுக்குள் எட்டிப்பார்த்து, கடைசியாகத்தான் இர்விங் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை வந்தடையும். கடல் கடந்து புதிதாய் வந்த குடும்பங்கள் வாழும் அவ்வீடுகளிலிருந்து கடுகு தாளிக்கும் மணம் எழ, கதவுகள் திறக்க, தம்மினும் பெரிய பைகளைச் சுமந்த சிறுவர்கள் வெளிவந்து, அருகிலுள்ள பள்ளியை நோக்கி நடப்பார்கள்.

அப்பள்ளியில் மழலையர் வகுப்பை நடத்திவந்தவள் ஜெயலீலா. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, ரூஃபசை மணந்து, தன் அண்ணன் அழைப்பால் அமெரிக்கா வந்த அவன் அந்நாட்டுப் படையில் ஊர்தி பழுதுபார்க்கும் வீரனாகச் சேர்ந்தபோது தானும் படைவீட்டுப் பெண்ணாகி, இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏழு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தவள். இருமுறை அவன் பாலைநிலப் போருக்குப் போனான். வாயில்மணி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அவன் இறப்புச் செய்தியோ என அஞ்சித் திறந்து, பின்பு மகளுக்குச் சோறூட்டி, மறுநாள் காலையில், அம்மகளைப் போலவே தந்தையைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த பிள்ளைகளை அணைத்துக் கதை சொன்னவள். எந்தப் பிள்ளை எந்த வேளையில் விம்மும் என்பதை அவள் அறிவாள். விம்முமுன்பே அவள் கை அதன் தோளில் இருக்கும். இப்போது மகள் ரிச்சர்ட்சனில் செவிலியாக இருக்க, பேத்தி ஜெபினாவை மாலைதோறும் பார்த்துக்கொண்டு, வரும் மே மாதத்தில் ஓய்வுபெறக் காத்திருந்தாள். அவளைப் பாராட்டும் விழாவுக்குப் பள்ளியில் நாளும் குறித்துவிட்டார்கள்.

இத்தகைய நல்லாளின் உள்ளத்திலும் ஓர் இருண்ட மூலை இருந்தது. முதன்முதல் அவள் கற்பித்த பாசறை ஊரில், ஒரு தாய் தலைமையாசிரியரிடம் சென்று, இந்த அம்மாவின் பேச்சு என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும், வேறு வகுப்புக்கு மாற்றுங்கள் என்றாள். பிள்ளையை மாற்றினார்கள். அன்று அழுத ஜெயலீலா, மறுநாள் முதல் வானொலியைக் கேட்டுக் கேட்டு, தன் நாவில் ஒட்டியிருந்த தாமிரபரணியைத் துளித்துளியாய்த் துடைத்தெறிந்தாள். ஒவ்வோர் ஊரிலும் அங்குள்ளோரைப் போலவே ஆகிவிடுவது படைவீட்டார் வழக்கம். அவள் அதில் வல்லவளானாள். பள்ளிப் படிவத்தில், வேறு மொழி அறிவீரா என்ற கட்டத்தில், இல்லை என்று எழுதினாள். வீட்டிலும் தேவாலயத்திலும் தமிழ். பள்ளியின் படியேறினால் அவள் எந்த ஊராளும் அல்லள்; தமிழ்ப் பெற்றோரிடமும் ஆங்கிலமே பேசினாள்.

ஆவணியில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், கல்வித்துறையினர் இருவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து அவள் கற்பிப்பதைக் குறித்துக்கொண்டிருந்தனர். அப்போது, கரூரிலிருந்து வந்து பத்து நாளே ஆகியிருந்த வெண்பா என்னும் ஐந்து அகவைச் சிறுமி எழுந்து, நம் ஊர்ப் பள்ளிகளில் பழக்குவதுபோல் சுண்டுவிரலை உயர்த்தி நின்றாள். யாரும் அசையாமை கண்டு, அருகே வந்து, ஆசிரியரின் ஆடை நுனியைப் பற்றினாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது டீச்சர்."

ஜெயலீலா அதைக் கேட்டாள், முழுமையும் விளங்கிற்று. அதே விரலை அவளும் ஒருகாலத்தில் உயர்த்தியவளே. ஆயினும் பின்வரிசையின் எழுதுகோல்கள் நிமிர்வதைக் கண்டதும், முப்பதாண்டுப் பழைய அச்சம் எழுந்தது.

"யூஸ் யுவர் வேர்ட்ஸ், ஸ்வீட்டி," என்றாள் இனிமையாக, தெரிந்த சொல்லால் கேள் என்பதுபோல்.

சிறுமி தனக்குத் தெரிந்த சொல்லால் மறுபடியும் கேட்டாள். ஆசிரியர் புன்னகை மாறாமல், புரியாதவள்போல் தலையசைத்தாள். மூன்றாம் முறை கேட்க வாய் திறந்தவள், திறந்தபடியே நின்று, காலடியில் பரவிய ஈரத்தைக் குனிந்து பார்த்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயலீலா ஓடிச்சென்று, கழுவி, உலர்ந்த உடை மாற்றி, தலைவாரி விட்டாள். வந்திருந்தவர்கள் அந்தப் பரிவையும் குறித்துக்கொண்டார்கள்.

அன்றுமுதல் வெண்பா பள்ளியில் வாய் திறக்கவில்லை. படங்களைக் காட்டினார்கள், தொலைபேசியில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தார்கள், அவள் தரையையே பார்த்தாள். இரண்டு திங்கள் கழிந்தன. பேச்சு வளராத பிள்ளை என முடிவுகட்டி, தொலைவிலுள்ள வேறொரு பள்ளியின் தனி வகுப்புக்கு அவளை அனுப்பத் தாள் ஆயத்தமாயிற்று. பெற்றோரையும் அழைத்துப் பேசி, வகுப்பாசிரியர் ஒப்பமிட வேண்டியதே எஞ்சியது.

அக்கூட்டத்துக்கு முந்தைய மாலை, உணவு மேசையில் ஜெயலீலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னட்டி, சோத்துக்குள்ள எதையும் தொலைச்சிட்டியா?" என்றான் ரூஃபஸ்.

அவள் சொன்னாள். பேத்தி அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருக்க, இரண்டு திங்களாய்க் கணவனிடமும் மறைத்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"தமிழ் தெரியாதாக்கும் உனக்கு? நேத்து பாத்திரத்தைக் கழுவலன்னு என்னைய வஞ்சியே, அது எந்த பாஷை? ஸ்பானிஷா?"

"விளையாடாதீங்க. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"போடாத. உள்ளதைச் சொல்லு."

"சொன்னா இத்தன வருஷமா ஃபார்ம்ல பொய் எழுதினது தெரிஞ்சிரும்லா. மே மாசம் ரிட்டயர் ஆகணும். எல்லாரும் என்ன நெனப்பாங்க?"

ரூஃபசின் முகத்திலிருந்த நகைப்பு அவிந்தது. "அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வயசு. உனக்கு அறுபத்தொண்ணு. யாருட்டி பயப்படணும்?"

அப்போது ஜெபினா ஓடிவந்து, "ஆச்சி, ப்ரேயர் டைம்! இன்னைக்கு நான் தமிழ்ல பண்றேன், ஓகே?" என்று கண்மூடிக் கைகூப்பினாள். பாட்டி நாளும் சொல்லிக்கொடுத்த வேண்டுதலை மழலை வழுவோடு அவள் ஒப்புவிக்க, தன் பேத்திக்குப் பெருமையாய் ஊட்டிய மொழியைப் பிறர் பிள்ளையின் வாயிலிருந்து பறித்தவள் தானே என்னும் நினைவு முள்ளாய்த் தைக்க, ஜெயலீலாவால் கண்களை மூடவும் இயலவில்லை. திறந்து அச்சிறுமுகத்தைப் பார்க்கவும் இயலவில்லை.

மறுநாள் கூட்டத்தில் தலைமையாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒருபுறம் அமர, வெண்பாவின் பெற்றோரான சபரிநாதனும் தாமரைச்செல்வியும் எதிரே அமர்ந்தனர். வீட்டில் ஓயாமல் பேசுகிறாளே என்று சபரிநாதன் ஆங்கிலத்தில் மன்றாடினான். எல்லாப் பெற்றோரும் அவ்வாறே சொல்வது வழக்கம் என்பதுபோல் பள்ளியினர் கனிவோடு தலையசைத்தார்கள். தாள் ஜெயலீலாவின் முன் நகர்ந்து வந்தது.

தாமரைச்செல்வி கணவன் பக்கம் சாய்ந்தாள். "ஏனுங்க, இந்த டீச்சரம்மா என்ன பண்ணுவாங்க, பாவம். அன்னைக்குப் புள்ளைக்குக் கழுவி டிரெஸ் மாத்தி உட்டது அவங்கதான. அவங்களுக்குத் தமிழ் மட்டும் தெரிஞ்சிருந்தா நம்ம புள்ளய உட்டுருக்கவே மாட்டாங்க. நல்லா இருக்கோணும் அவங்க."

வசை கேட்டிருந்தால் ஜெயலீலா தாங்கியிருப்பாள். பெறத்தகாத வாழ்த்து, தன் மொழியில், தனக்குக் கேளாது என்று நம்பியவளின் வாயிலிருந்து வந்தபோது, அவள் எழுதுகோலைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தமிழ் தெரியும்மா," என்றாள்.

தாமரைச்செல்வியின் முகத்தில் முதலில் மகிழ்ச்சியே மலர்ந்தது. பின்பு அவள் கண்கள் மெல்லக் கணக்கிட்டன.

"அப்போ... அன்னைக்கு அவ கேட்டப்ப?"

"புரிஞ்சுது. ரெண்டு தடவை கேட்டா. ரெண்டு தடவையும் புரிஞ்சுது. புரியாத மாதிரி நின்னேன்."

"ஏன்?"

"பின்னாடி ஆளுங்க உக்காந்திருந்தாங்க. தமிழ் பேசினா என்னையக் கொறவா நெனப்பாங்கன்னு..."

பின்பு மற்றவர்கள் பக்கம் திரும்பி, இச்சிறுமிக்குப் பேச்சில் குறையில்லை, பேசியபோது கேளாதிருந்த குறை என்னுடையது, படிவத்தில் எழுதியதும் பொய் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். சொல்லுந்தோறும் முகம் கனன்றது. குரலில் பழைய பாளையங்கோட்டை திரும்பி வந்ததை உணர்ந்தும் அவள் அதைத் திருத்தவில்லை. தலைமையாசிரியர் தாளை எடுத்து உறையிலிட்டு, சிறுமி இதே வகுப்பில் தொடரட்டும், படிவத்தைப் பற்றி நாம் தனியே பேச வேண்டும் என்றார். பாராட்டு விழாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாமரைச்செல்வி எழுந்து, ஜெயலீலா நீட்டிய கையைத் தொடாமல் வெளியேறினாள்.

அடுத்த நாள் காலை, பிள்ளைகள் நிரம்பிய நடைகூடத்தில், தாயின் கைப்பிடித்து வந்த வெண்பாவின் முன் ஜெயலீலா முழந்தாளிட்டாள்.

"வெண்பா, அன்னைக்கு நீ கேட்டது எனக்குப் புரிஞ்சுது கண்ணு. நான்தான் பதில் சொல்லல. தப்பு என்மேலதான். மன்னிச்சிரு."

சிறுமி அவளை உற்று நோக்கினாள். இரண்டு திங்களாய்ப் பூட்டியிருந்த வாய் திறந்தது.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"நான் டிரெஸ்ஸ நனைச்சுட்டேன்னா?"

இத்தனை நாளும் அப்பிஞ்சு நெஞ்சு சுமந்திருந்த சுமை இன்னதென்று அப்போதுதான் ஜெயலீலாவுக்கு விளங்கிற்று. "இல்ல கண்ணு, இல்ல. உன்மேல ஒண்ணுமே இல்ல. என்னைய நெனச்சு எனக்கே வெக்கம்."

"பெரியவங்களுக்குக்கூட வருமா?"

"வரும்."

வெண்பா அதைச் சற்று எண்ணிப்பார்த்தாள். பின்பு வலக்காலை முன்னே நீட்டி, "இது அவுந்துருச்சு. கட்டி உடுங்க. டைட்டா வேண்டாம்," என்றாள்.

ஆசிரியர்கள் கடந்து போனார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். ஜெயலீலா குரலைத் தாழ்த்தாமல், "இவ்வளவு போதுமா? இன்னும் கொஞ்சம் லூசா விடவா?" என்று தமிழில் கேட்டுக் கேட்டு அந்தக் காலணியின் நாடாவைக் கட்டினாள். கண்ணீரில் முடிச்சு இருமுறை தவறியது. மேலே நின்ற தாய் மகளின் கையை விடுவித்தாள்.

படிப்பவரே, முப்பதாண்டு நற்பணி ஒரு நொடிக் கோழைமையை ஈடுசெய்து அழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஜெயலீலாவும் அவ்வாறு எண்ணவில்லை. அவள் நாணம் அவளோடு வாழ்ந்தது, வாழ்வதே முறை. ஆயினும், தவறியவரிடம் இறைவன் பெருஞ்செயல்களை ஏவுவதில்லை. அவர் எட்டக்கூடிய உயரத்தில், முழந்தாளிட்டால் மட்டுமே கைக்கு எட்டும் ஒரு சிறு பணியை, அவர் வருத்திய அதே பிள்ளையின் காலடியில் வைக்கிறான். குனிந்தவர் அதைச் செய்துவிட்டு, எழுந்து, அன்றைய பாடத்தைத் தொடங்குகிறார்.