ஓடுகிற வலி

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு, ஆரம்பப் பள்ளியின் மாடிப்படியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். வலது முட்டி வலிப்பதாகச் சொன்னாள். விழவில்லை, யாரும் தள்ளவுமில்லை. பள்ளி அலுவலகம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தது.

அம்மா அப்போது காய்கறி மொத்த விற்பனைக் கூடத்துக்கு எதிரே காரை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, ஓர் ஆளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகு வலியால் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தவன், லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. வேலையில் அடிபட்டேன், வலி தாங்கவில்லை என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் நிஜம், யார் நடிப்பு என்று பிரித்துச் சொல்வது அவள் பிழைப்பு. அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அலுவலகத்தில் அவளுக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவளுக்கும் அது பிடித்துப்போனது.

பள்ளியிலிருந்து திரும்பும்போது, காரின் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி கேட்டாள்.

“எங்கடி வலிக்குது?”

“முட்டியில.”

“எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?”

“இல்லம்மா. சும்மாவே வலிக்குது.”

“சும்மா எதுவும் வலிக்காது சிட்டு.”

வீட்டுக்கு வந்ததும் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கமாகத் தெரியவில்லை. கொஞ்சம் சூடாக இருந்த மாதிரி இருந்தது. காரில் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வலி மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் சிட்டு சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேவின் புருவம் அப்போதே ஏறிவிட்டது. ஒரு மூடி மருந்தில் மாயமாகிற வலியை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து இடது கணுக்கால். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை என்று கட்டிலிலேயே அழுதாள். அந்த வாரக் கடைசியில் மணிக்கட்டு. கணுக்கால் சரியாகிவிட்டதாம்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். தொழிலில் அவளுக்கு மூத்தவர்.

“ஓடுற வலியா மேடம்? நிஜ வலிக்கு ஒரே விலாசம்தான். பொய் வலிதான் வாரத்துக்கு ஒரு வீடு மாத்தும். நம்ம பழைய பாடம்தானே!”

“ஒன்பது வயசு சார் அவளுக்கு.”

“வயசு எதுக்கு? அவளுக்கு இதுல என்ன லாபம்னு பாருங்க.”

லாபம் கிடைத்துவிட்டது. அந்த மாதம்தான் நான்காம் வகுப்புக்கு நீச்சல் தொடங்கியிருந்தார்கள். சிட்டுவுக்குத் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றினாலே மூச்சு முட்டும். காரணமும் கிடைத்து, ஓடுகிற வலியும் இருந்து, ஒரே மூடியில் குணமும் ஆனால், எக்ஸ்ரேவின் கணக்கில் வேறு எதுவும் பாக்கியில்லை.

ஆனாலும் முறைப்படி செய்கிறவள். ஆளின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு, வலிக்கிறது என்று சொன்ன இடத்தை அழுத்திப் பார்ப்பது விசாரணை அதிகாரிகளின் வழக்கம். சிட்டு கார்ட்டூனில் மூழ்கியிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக்கொடுத்தபடியே, கட்டைவிரலால் அந்தக் கணுக்காலை நன்றாக அமுக்கினாள். குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை குடியிருப்புக்கு எதிரே இருந்த பூங்காவில் சிட்டு விளையாடப் போனாள். எக்ஸ்ரே காரில் உட்கார்ந்து படம் எடுத்தாள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சறுக்குமரத்திலிருந்து ஊஞ்சலுக்கு ஒரு தோழியோடு போட்டி போட்டு ஓடுகிறாள் மகள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துப் படத்தை ஓட விட்டாள். எதிரே சிட்டு. பக்கத்தில் அவள் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமையாவது நிம்மதியாகச் சாப்பிட விடு என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“இது யாரு?”

“நான்.”

“என்ன பண்ற?”

“ஓடறேன்.”

“எந்தக் கால் ஊன்ற முடியலன்னு அழுத?”

சிட்டு படத்தையே பார்த்தாள். “அப்ப வலிக்கலம்மா. மருந்து குடிச்சிருந்தேன்ல.”

“இப்ப?”

“இப்ப கால்ல இல்ல. இந்தக் கையில.”

அப்பாவால் அடக்க முடியவில்லை. “அடி நாடகக்காரி! நாளைக்கு எங்க, மூக்குலயா?”

அவர் சிரித்ததைப் பார்த்துச் சிட்டுவும் பாதி சிரித்தாள். பிறகு கீழுதடு துடிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே சிரிக்கவில்லை. கூடத்தில் மூட்டை சுமக்கிறவனிடமும் கட்டடத்தில் சாரம் கட்டுகிறவனிடமும் படத்தைக் காட்டிய பிறகு எந்தக் குரலில் கேட்பாளோ, அதே தணிந்த குரலில் கேட்டாள்.

“இன்னொரு வாட்டி கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு. வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப ஏன் சொன்ன?”

“சும்மா.”

“பொய்தானே?”

“ம்.”

அந்தக் கேள்விக்குப் பெரியவர்களே அப்படித்தான் பதில் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை சிட்டு நீச்சலுக்குப் போனாள். அதன் பிறகு வீட்டில் வலி என்ற பேச்சே எழவில்லை. படம் காட்டினால் வலி பறந்துவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வது வீட்டிலும் பலித்துவிட்டது என்று எக்ஸ்ரே அவரிடமே சொன்னாள். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

ஏப்ரலில் சிட்டு மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் குனிந்து ஷூவைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனுக்கு வாய்த்த வீடு இது என்று அப்பா அடிக்கடி சொல்லிக்கொள்வார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறாள், மத்தியானம் தூங்கினால் இரண்டு தலையணை கேட்கிறாள். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பாள், பளிச்சென்று, முகம் பார்த்து. வலி இருப்பதாக நடிக்கிறவர்களை எக்ஸ்ரே நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இல்லாததாக நடிக்கிறவர்களை அவள் தொழிலில் பார்த்ததே கிடையாது. அவர்கள் இழப்பீடு கேட்டு வருவதில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து அப்பா கூட்டி வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிட்டு குனிந்தாள். அவர் காத்திருந்தார். பிறகுதான் கவனித்தார்.

“கயிறே இல்லாத ஷூவுக்கு என்ன முடிச்சுடி போடுற?”

ஒட்டுப்பட்டை வைத்த ஷூ அது. சிட்டு வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தன் சட்டை வழியாக அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதை உணர்ந்தார். மேலே ஏறவில்லை. அப்படியே கீழே இறங்கி ஆட்டோ பிடித்தார்.

எக்ஸ்ரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைகள் டாக்டர் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு சிட்டுவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கம், அக்குள் பக்கம், முதுகு. மறுபடி முன்பக்கம். களைத்துப்போன முகமுள்ள பெண்மணி. ரத்தம் எடுக்கச் சொன்னார். இதயத்துக்கு ஸ்கேன் எழுதினார். முடிவெல்லாம் வந்த பிறகு குழந்தையைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

“கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?”

“பிப்ரவரியில. காய்ச்சலோட,” என்றாள் எக்ஸ்ரே. “ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டோம்.”

டாக்டர் சிட்டுவின் பக்கம் திரும்பினார். “கண்ணு, அதுக்கப்புறம் உனக்கு முட்டி, கால் எங்கயாவது வலிச்சுதா? ஒரு இடத்துல வலிச்சு, அது விட்டுட்டு இன்னொரு இடத்துல?”

சிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“இல்ல.”

“கொஞ்சம்கூட?”

“வலிக்கல டாக்டர். நான்தான் பொய் சொன்னேன். அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எக்ஸ்ரேவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள், அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கிற மாதிரி. மார்ச் ஒன்பதாம் தேதி காலை வலது முட்டி, அடிபடவில்லை. தொட்டால் லேசான சூடு. வலி மருந்துக்குச் சில மணி நேரத்தில் முழுக்க அடங்கியது. இரண்டு நாள் கழித்து இடது கணுக்கால், முட்டி சரியாகிவிட்டது. வாரக் கடைசியில் வலது மணிக்கட்டு, கணுக்கால் சரியாகிவிட்டது, அழுத்தினால் வலியில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தார். “இவ்வளவு சரியா யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க நர்ஸா?”

“இல்ல. இன்சூரன்ஸ்.”

“எல்லாத்தையும் பார்த்திருக்கீங்களே. அப்புறம் ஏன் கூட்டிட்டு வரல?”

அவளிடம் பதில் இருந்தது. மகளின் தலையணையை நேராக்கினாள்.

டாக்டர் இருவருக்கும் விளக்கினார். இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தொண்டையில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் தன் சொந்த மூட்டையும் இதயத்தையும் அடித்துவிடும். மூட்டு வலி இடம் விட்டு இடம் ஓடும். வலி மருந்துக்குச் சட்டென்று கேட்கும். ஓடுவதுதான் அடையாளம். மூட்டு பிழைத்துவிடும், தடம்கூட இருக்காது. இதயம் அப்படியில்லை. சிட்டுவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது.

“அப்பவே வந்திருந்தா?” என்று எக்ஸ்ரே கேட்டாள்.

“தெரியாதும்மா. அப்பவே வால்வுல பாதிப்பு இருந்திருக்கலாம். மருந்து ஆரம்பிச்சிருப்போம். படுக்கையிலயே வெச்சிருப்போம். நீச்சலுக்கு விட்டிருக்க மாட்டோம்.”

சிட்டு மே மாதம் பாதி வரை மருத்துவமனையில் இருந்தாள். கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தார்கள். ஒரு தடவை வராந்தாவில் எக்ஸ்ரே, “நீங்களும்தானே சிரிச்சீங்க,” என்றாள். “சிரிச்சேன்,” என்றார் அவர். “நீ கண்டுபிடிச்சா சரியா இருக்கும்னு நம்பிச் சிரிச்சேன்.” அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் எக்ஸ்ரே மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் தலைமுடியைக் கோதினாள்.

“சிட்டு, அம்மா அன்னிக்கு உன்ன நம்பியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன். இனிமே நீ எங்க வலிக்குதுன்னு சொன்னாலும் நான் நம்புவேன்.”

“சரிம்மா.”

“இப்ப எங்கயாவது வலிக்குதா?”

“இல்லம்மா.”

அது நிஜமா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. கட்டைவிரல் தானாக மகளின் கணுக்காலுக்குப் போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். சிட்டு காலை மடக்கிக்கொண்டாள்.

ஜூனில் வேலைக்குத் திரும்பினாள். முதலில் வந்தது சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் மனு. தோள்பட்டையில் தொடங்கிய வலி இடுப்புக்கு வந்திருந்தது, பிறகு விரல்களுக்கு. முழு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று எக்ஸ்ரே எழுதி அனுப்பினாள். பிரிவுத் தலைவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“வீட்டுல கஷ்டம்னு தெரியும் மேடம். அதுக்காக இப்படியா? இது ஓடுற வலி. சின்னப் பையனைக் கேட்டாக்கூடச் சொல்லுவான்.”

“ஓடுற வலி நிஜமாவும் இருக்கும் சார்.”

“இருக்கும். நமக்கு இல்ல.”

பக்கத்து மேசைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். இடமில்லை என்றார்கள். மாலை வரை சலவைக்கூடப் பெண்ணின் மனுவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு நிராகரிப்புக் கையெழுத்துப் போட்டாள்.

தொண்டைக் கிருமி மறுபடி வந்து இதயத்தைத் தாக்காமலிருக்க, சிட்டுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை இடுப்பில் பென்சிலின் ஊசி. வளர்ந்து ஆளாகும் வரை போட வேண்டும். கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். பெரியவர்களே பல்லைக் கடிப்பார்கள் என்றாள் நர்ஸ். சிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். தொண்டையில் கரகரப்பு வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் அவளிடமே அழுத்திச் சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி பிற்பகல் அவளுக்குத் தொண்டை வலித்தது. அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிட்டு வேலையில் இருந்த அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் பாதி வேலையை விட்டுவிட்டு வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தொண்டையில் பஞ்சு விட்டுப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை, சாதாரணச் சளி என்றார்கள். இதயத்தையும் ஸ்கேன் செய்தார்கள், வால்வின் கசிவு முன்பு இருந்த அளவிலேயே இருந்தது.