வயதுக் காப்பு மனு

டாக்டரம்மாவின் மூத்த மகளுக்குப் பதினேழு வயதும் ஏழு மாதமும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தன. ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு. மனுவின்மேல் அடித்த முத்திரையிலேயே நேரம் இருப்பதால் அதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. டாக்டரம்மா என்றால் அந்தத் தெருவில் பல் டாக்டர்தான். அவர் கணவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். அதை விற்றுத்தான் குடும்பம் ஒரு வெளிநாட்டின் முதலீட்டாளர் விசாவுக்கு விண்ணப்பித்தது. அந்த நாட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில் பணம் போட்டால், போட்டவருக்கும் மனைவிக்கும் இருபத்தோரு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் அங்கே குடியிருக்க உரிமை உண்டு. பணம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆட்கள் போய்ச் சேரத்தான் வரிசை இருந்தது. அவர்களுடைய எண் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு.

விண்ணப்பங்களைக் கவனித்த ஆலோசகரை எல்லோரும் வரிசைக்காரர் என்றார்கள், அவர் வாயில் வேறு பேச்சே வராது என்பதால். மூன்றாவது மாடியில் அவர் அலுவலகம். பத்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மாதம் பிறந்தால் வரிசை எந்த எண் வரை வந்திருக்கிறது என்று பலகையில் எழுதுவார்.

"மேடம், இந்த வேகத்துல அஞ்சு வருஷமும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம். அதுக்குள்ள பெரியவளுக்கு இருபத்தொண்ணு தாண்டிட்டா அவளை விட்டுட்டுதான் நீங்க போகணும். ஒரு வழி இருக்கு. வயதுக் காப்பு மனுன்னு ஒண்ணு. போட்டா வயசு அப்படியே நிக்கும்" என்றார் அவர். சின்னவளுக்குப் பதினொன்றுதான், அவசரமில்லை. வயது நிற்கும் என்றதைக் காகிதத்தில் நிற்கும் என்றுதான் கணவனும் மனைவியும் புரிந்துகொண்டார்கள். வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்? பெற்றோர் இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். டாக்டரம்மா போட்டார்.

பெரியவள் முந்தின நாள்தான் முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள். அது தோள் வரைக்கும்தான் நின்றது. நகவெட்டி மேசைக்குள்ளே கிடந்து துருப்பிடித்தது. அவளுக்குப் பசிக்கவில்லை, ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிட்டாள். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் இருந்தது. ஆறு மாதம் விட்டு எடுத்த இரண்டு எக்ஸ்ரேயை டாக்டரம்மா வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே படம். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. அவருக்கு முதலில் வயிற்றில் பால் வார்த்ததுபோல்தான் இருந்தது. வரிசை எவ்வளவு இழுத்தாலும் மகளை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. "நல்லதுதானே, கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கு" என்றார் கணவர்.

வரிசை நகர்ந்தது. சில மாதம் நூறு, சில மாதம் எட்டு. ஒரு மாதம் இரண்டாயிரம் பின்னால் போனது; ஏன் என்று கேட்டதற்கு வரிசைக்காரர், "வரிசைன்னா அப்படித்தான் சார்" என்றார். அந்த அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்களில் மருந்துக்கடைக்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். ஜலதோஷம் பிடித்திருந்த நாளில் அவளுக்கு மனுப் போட்டுவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அதே தும்மல், அதே சிவந்த மூக்கு. அப்பன் கடையில் உள்ள அத்தனை மருந்தையும் குடித்துப் பார்த்துவிட்டாள். காத்திருப்பவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

பெரியவளின் மூளை மட்டும் நிற்கவில்லை. படித்தாள், பட்டம் வாங்கினாள், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குப் போனாள். கூடப் படித்தவர்கள் கல்யாணம் முடித்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழந்தைகள் இவளை வாடி போடி என்று விளையாடக் கூப்பிட்டார்கள். நான்காம் ஆண்டு தாய்மாமன் இறந்தார். பெரியவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவள் பிணத்தின் பக்கத்தில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று உறவில் பேசிக்கொண்டார்கள். ஏழாம் ஆண்டில் சின்னவள் வயதிலும் உயரத்திலும் அவளைத் தாண்டினாள். ஒருநாள் செருப்புக்கடையில், "அக்காகிட்ட கேட்டுட்டு எடும்மா" என்று கடைக்காரர் பெரியவளிடம் சொல்ல, அவள் வாய் தவறி, சின்னவளைப் பார்த்து, "அக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டாள். சின்னவள் செருப்பை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அழுதாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதும் அழ வரவில்லை.

பயம் வந்தது எட்டாம் ஆண்டில், ஒரு பேப்பர் கட்டர் வழியாக. அலுவலகத்தில் வரைபடத்தின் ஓரத்தை நறுக்கும்போது பெரியவளின் கட்டைவிரல் அரை அங்குலத்துக்குப் பிளந்தது. ரத்தம் வரவில்லை. டாக்டரம்மா நான்கு தையல் போட்டார். பத்து நாள் கழித்துத் தையலைப் பிரித்தால் வெட்டு அன்று வெட்டினது மாதிரியே வாயைத் திறந்துகொண்டு இருந்தது. திரும்பத் தைத்தார், திரும்பத் திறந்தது. மூன்றாம் முறை ஊசியைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்கு விளங்கியது: வளராதது ஆறவும் ஆறாது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, காயத்தைப் பஞ்சால் மூடிக் கட்டினார். முப்பது வருடத்தில் அவர் தைக்காமல் விட்ட முதல் காயம் அது.

அன்றிலிருந்து அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. கத்திகள் பூட்டுக்குள் போயின. மேசை முனைகளில் பஞ்சு கட்டப்பட்டது. பெரியவளின் ஸ்கூட்டர் சாவியை டாக்டரம்மா தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு எலும்பு முறிந்தால் அது முறிந்தபடியே இருக்கும் என்ற நினைப்பு, வாயைத் திறந்துகொண்டு ஒரு நோயாளி படுத்திருக்கும்போதுகூட வந்து நின்றது. குளியலறையில் பெரியவள் ஒரு நிமிடம் அதிகமாக இருந்தால் கதவைத் தட்டினார். மனுவின் நகலை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முதல் தடவையாகப் படித்தார். நிறுத்தப்பட்ட காலம் ரத்தாகாது. விசா வந்தாலோ மனுவைத் திரும்பப் பெற்றாலோ உரியவரிடம் முழுமையாக ஒப்படைக்கப்படும் என்று போட்டிருந்தது. எப்படி ஒப்படைப்பார்கள் என்று போடவில்லை. வரிசைக்காரரைக் கேட்டார். "அது என் டிபார்ட்மென்ட் இல்ல மேடம்" என்றார் அவர்.

மருந்துக்கடைக்காரர் மகளின் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டார் என்று அப்போது பேச்சு அடிபட்டது. அந்தப் பெண் சுருண்டு விழுந்து செத்தாள் என்றார்கள் சிலர். கிழவியாகிவிட்டாள் என்றார்கள் சிலர். டாக்டரம்மா கேட்டதை நம்பாமல் நேரே கடைக்குப் போனார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தும்மல் இல்லை. முகம் முதிர்ந்து, குரல் தடித்திருந்தது.

"எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு நாள் டாக்டர். வருஷத்துக்கு ஒரு நாள்."

"வலிச்சுதா?"

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கினாள். "வலின்னா... நாலு வருஷத்துக் காய்ச்சல், நாலு வருஷத்துப் பசி, எல்லாம் மொத்தமா வந்துச்சு. மூணாவது நாள் நான் பொழைக்க மாட்டேன்னு அப்பா என் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு நாலுதான் டாக்டர். உங்க பொண்ணுக்கு எவ்வளவு?"

டாக்டரம்மா கடைப் படியிறங்கினார். வீடு வரைக்கும் நடந்தே வந்தார். எட்டு முடிந்து ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவளுக்கு இருபது பிறந்ததும் வரிசைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் பாக்கி. ஆனால் ஒரு வருடத்துக்குள் வருமென்று சத்தியம் செய்ய முடியாது, சின்னவளுக்கும் மனுவைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம் என்றார். படிவத்தை அவரே கொடுத்தனுப்பினார். கணவர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார்.

"ஒன்பது வருஷம் காத்தாச்சு. இப்ப விட்டா கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலங்கிற கதையாயிடும். ஒரு வருஷந்தானே?" என்றார்.

"பெரியவளுக்கும் அப்படித்தாங்க சொன்னோம்."

"பின்ன, தொழிற்சாலையை வித்தது எதுக்கு? இவங்க ரெண்டு பேருக்காகத்தானே?" அவர் படிவத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். திரும்பிப் பார்க்கப் பயப்படுகிற மனிதர்.

சின்னவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் படிவத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போனாள். டாக்டரம்மா பின்னாலேயே போனார்.

"அவளுக்கு வேணாம்மா" என்றாள் பெரியவள். "என்னோடதையும் திரும்ப வாங்கிடு."

"ஒன்பது நாள்டீ. உன் உடம்பு தாங்குமான்னு எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்படியே இருக்கவும் பயமா இருக்கு. அந்தப் பயம் ஒன்பது நாள்ல முடிஞ்சிடும்மா, எப்படியோ ஒண்ணு. இது முடியாது."

காகிதத்தின்படி அவள் மைனர், தாயின் கையெழுத்துதான் செல்லும். மறுநாள் காலை டாக்டரம்மா மூன்றாவது மாடி ஏறிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள் சின்னவள் தொலைபேசியில் அலறினாள்.

முதல் நாள் கட்டைவிரலிலிருந்து ரத்தம் கொட்டியது, சாயங்காலத்துக்குள் தழும்பாகிவிட்டது. முடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையணையைத் தாண்டி இறங்கியது. இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கடைவாய்ப்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு குறுக்கே வந்தது. டாக்டரம்மா கட்டிலிலேயே வைத்து அதைப் பிடுங்கினார். நான்காம் நாள் பெரியவள் மாமா, மாமா என்று அழ ஆரம்பித்தாள். காலை ஆறு மணியிலிருந்து பொழுது சாயும் வரை அழுதாள். தெருவே வாசலில் கூடிவிட்டது. கல்நெஞ்சக்காரி என்று சொன்ன சித்தி படியில் உட்கார்ந்து கூடவே அழுதார். கையெழுத்தான நாளிலிருந்து மனைவியோடு பேசாமல் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டிருந்த கணவர் அன்று உள்ளே வந்தார், நகவெட்டியோடு. நகங்கள் மணிக்கு மணி வளர்ந்து உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விரலாக எடுத்து வெட்டினார்; பத்தையும் முடிப்பதற்குள் முதல் விரல் மறுபடி வளர்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து வெட்டினார். ஆறாம் நாள் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. டாக்டரம்மா மகளின் மார்பில் காதை வைத்தபடி, இந்தக் கையால்தானே போட்டேன், இரண்டு கையெழுத்தும் இந்தக் கையால்தானே என்று நினைத்துக்கொண்டே ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். உள்ளே எங்கோ தூரத்தில் யாரோ மாடிப்படி ஏறுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் நாள் பெரியவள் கண் திறந்து பசிக்கிறது என்றாள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள். பத்தாம் நாள் காலை வீட்டில் இருபத்தாறு வயதும் ஏழு மாதமுமான ஒரு பெண் இருந்தாள்.

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு பதினான்கு மாதம் கழித்துப் பலகையில் ஏறியது. சின்னவளுக்கும் அதற்குள் வயது தாண்டிவிட்டிருந்தது. கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வந்திருக்கு" என்றார். யாரும் புறப்படவில்லை. இடம் அடுத்த குடும்பத்துக்குப் போயிற்று.

ஆனால் அது பிறகு. அந்தப் பத்தாம் நாள், பழைய உடுப்பு ஒன்றும் சேராததால், சின்னவளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பெரியவள் தங்கையோடு தையல்காரம்மாவிடம் போனாள். தையல்காரம்மா அளவு நோட்டைப் புரட்டினார், நாடாவைத் தோளில் வைத்துப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லா அளவும் மாறியிருக்கு?"

"வயசாகுதில்ல" என்றாள் பெரியவள்.

"அதுசரி" என்று தையல்காரம்மா பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிய எண்களை எழுதினார். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வியாழக்கிழமை வந்தது. துணி தயாராகவில்லை; இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். அக்காவும் தங்கையும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.