படப்பிடிப்புக் கலகலப்பு

நல்லுசாமி டிவிடி பிளேயரைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமான ஒயர்கள் தரையில் இழுபடாமல் ஏந்திக்கொண்டு அவர் மனைவி வீரலட்சுமி பின்னால் வந்தாள். மத்திகிரியில் அந்த லைன் வீடுகளிலேயே டிவிடி பிளேயர் இருந்தது அவர்களிடம் மட்டும்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், தாராள மனசுக்காரர்கள், கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுப்பார்கள். ஆனால் பிளேயர் போகிற வீட்டுக்கு அவர்களும் கூடவே போவார்கள். ஆகவே, வாங்கி வந்த டிவிடியை முதலில் தான் மட்டும் போட்டுப் பார்த்துவிடும் வசதி ஜெகதீஷுக்கு இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு தரம் பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு அவன் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டான்.

எல்லாம் டிவியில் வரும் எட்டரை மணி நாடகத்தால் வந்தது. அதற்கு வேறு பெயர் உண்டென்றாலும் அந்த லைனில் யாரும் அதைச் சொல்வதில்லை. போன வருஷம் அந்த நாடகத்துக்காரர்கள் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வந்து ஒரு வாரம் படம் பிடித்தார்கள். ஜெகதீஷின் அம்மா சென்னம்மாள் அப்போது அணையை ஒட்டிய சொந்த ஊரில் ராகி அறுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். நாடகத்தில் கதாநாயகியின் மாமனார் செத்துப்போகிறார், சுற்றி உட்கார்ந்து அழப் பெண்கள் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவன் வீடு வீடாக ஆள் சேர்த்தான். வெள்ளையும் வெளிர் நிறமும் கேமராவுக்கு ஆகாது, அழுத்தமான கலரில் கட்டி வாருங்கள் என்று வேறு சொல்லிவிட்டான். புருஷன் போன பிறகு சென்னம்மாளிடம் அழுத்தமான கலர் ஏது? பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த முனிலட்சுமியின் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

முனிலட்சுமி ஜெகதீஷின் தங்கை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், வலி கண்ட அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். அவன் அப்போது கம்பெனியில் டிரெய்னி. கம்பெனி கேட்டுக்கு வந்த சேதி ஷிப்ட் முடிந்த பிறகுதான் தன் காதுக்கு வந்தது என்று சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். கம்பெனிகளில் அப்படி நடப்பதுதானே. அம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமாயிற்று, பிறகு கல்யாணமாயிற்று, அம்மாவையும் மத்திகிரிக்குக் கூட்டி வந்துவிட்டான்.

வாயே திறக்காத சென்னம்மாள், நாடகத்தில் அழுதுவிட்டு வந்த பிறகு லைன் முழுக்க அதைச் சொன்னாள். குடத்தோடு குழாயடியில் நிற்கும்போது சொன்னாள், வீட்டுக்காரம்மா நாராயணம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். மாமனார் எப்போது சாவார் என்று லைனே காத்திருந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் செத்தார். கதாநாயகி அழுதாள், கொழுந்தன் அழுதான், வேலைக்காரி கூட அழுதாள். சுற்றியிருந்த பெண்களின் முதுகு மட்டும் ஒரு கணம் வந்து போயிற்று. "அந்த முதுகுல உங்க முதுகு எது பெரியம்மா?" என்று வீரலட்சுமி கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அவளுக்கு யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எட்டரை மணிக்குச் சென்னம்மாள் டிவி முன்னால் உட்காருவதை விட்டுவிட்டாள்.

ஜெகதீஷ் மனதில் அது தைத்துக்கொண்டே இருந்தது. பெங்களூர் மெஜஸ்டிக்கில் ஒரு கடையில் அதே நாடகத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது கால் தானாக நின்றது. அட்டையின் பின்பக்கம், கடைசி டிஸ்க் போனஸ், ஒளிபரப்பாகாத காட்சிகளும் படப்பிடிப்புக் கலகலப்பும் அடங்கியது என்று போட்டிருந்தது. அம்மாவை அவமானப்படுத்திய லைன் முன்னாலேயே அம்மாவைக் காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறியே வந்துவிட்டது. வீடு வீடாகப் போய் அவனே அழைத்தான். "கம்பெனிக்காரன் போனஸுக்கு இழுத்தடிக்கிறான், நாடகக்காரன் கேக்காமயே குடுத்துட்டானே" என்றார் நல்லுசாமி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடிவிட்டார்கள். நாராயணம்மாவுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். ஜெகதீஷின் மனைவி அருணா சுண்டல் வைத்திருந்தாள். சிங்காரப்பேட்டையில் பிறந்து தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவள், மாமியாரோடு பேசிப் பேசியே இந்த வீட்டுத் தெலுங்கைக் கற்றுக்கொண்டவள். சென்னம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூ கூட வைக்கலாமா என்று யோசித்தவள் போன்ற முகத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஒளிபரப்பாகாத காட்சிகளைப் போட்டான். கோர்ட்டு வந்தது, கோயில் வந்தது, கார் துரத்தல் வந்தது. அணை வரவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். "இருங்க, இன்னும் இருக்குது" என்று அவசரமாக ரிமோட்டை அழுத்தினான். அடுத்தது படப்பிடிப்புக் கலகலப்பு. கதாநாயகன் வசனத்தை மறந்து பல்லைக் காட்டினான். ஒரு ஆடு வந்து வசனத் தாளைத் தின்றது. எல்லாரும் சிரித்தார்கள், அவனுக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அப்புறம் சாவு வீடு. பிணம் நடுவில் கிடக்க, பெண்கள் தலையில் முந்தானையோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் கட் சொன்னார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி மட்டும் எழவில்லை. குனிந்த தலையோடு ஓலமிட்டுக்கொண்டே இருந்தாள். பிணமாகப் படுத்திருந்த நடிகர் எழுந்து உட்கார்ந்து மூக்கிலிருந்து பஞ்சை உருவி, "அம்மா, நான் சாகலம்மா, நாளைக்கும் எனக்கு ஷூட்டிங் இருக்கு" என்றார். வீடே அதிர்ந்தது. ஜெகதீஷ்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

கேமரா சுற்றி வந்து அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டியது. அம்மா.

சிரித்த வாய் உடனே மூடவில்லை, அதுதான் கொடுமை. டிவியில் டொய்ங் என்று ஒரு சத்தம் போட்டார்கள். அவள் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்து குதித்துக்கொண்டு வந்து நின்றது: "அழுகை ஓவர்! பாஷையே மாறிப் போச்சு!" தமிழில் அழ வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்களாம், அவளும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறாள். நடுவில் நிஜமான அழுகை வந்தபோது அது தெலுங்கில்தான் வந்திருக்கிறது.

"நா தல்லீ... மீ அன்ன ராலேதே தல்லீ..."

லைனில் முக்கால்வாசிப் பேர் தெற்கத்தியவர்கள். அவர்களுக்கு அது வெறும் சத்தம். ஜெகதீஷுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. உன் அண்ணன் வரவில்லையே தாயே என்று முனிலட்சுமியைக் கூப்பிட்டு அழுதாள். சேதி அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டதாம், வாட்ச்மேனே நேரில் போய்ச் சொன்னானாம், ஷிப்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் சொல்லியனுப்பினானாம். உன்னை ரோட்டோரம் மடியில் போட்டுக்கொண்டு வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேனே. பெற்ற பிள்ளையை என்னவென்று கேட்பேன், அவன் சோற்றைத் தின்றுகொண்டு யாரிடம் சொல்லுவேன். மூக்கில் பஞ்சில்லாத பிணம் அவள் தோளைத் தட்டி ஒரு டீ கிளாஸை நீட்டியது. அவள் அதை வாங்கிக்கொண்டு அழுதாள். மறுபடி டொய்ங், மறுபடி சிரிப்பு, அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்த காலைகளில் தெரிந்திருக்கிறது, காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் துணி போட்டபோது தெரிந்திருக்கிறது. நிரந்தரமாகிற சமயத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பான், பிரசவம்தானே, பொம்பளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று அன்று மெஷின் முன்னால் நின்று அவன் கணக்குப் போட்டது உட்பட அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. எழுந்து போய் எங்காவது விழலாம் போலிருந்தது. கதவை மறைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவன்தான் அழைத்து வந்து உட்கார வைத்தவன்.

"பெரியம்மா, பின்னிட்டீக போங்க" என்றாள் வீரலட்சுமி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு. "முதுகு வரும்னு பாத்தா முழு மூஞ்சியும் வந்துருச்சே."

"அதென்னப்பா ஜெகதீசு, தெலுங்குல என்ன சொல்றாக?" என்று நல்லுசாமி கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான். நாராயணம்மாவைப் பார்த்தான், அந்தம்மாவின் வீட்டிலும் தெலுங்குதான். நாராயணம்மா அவனைப் பார்க்காமல் சுண்டல் தட்டைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்ற அருணா மட்டும் நேராக அவனைப் பார்த்தாள்.

"டைலாக் மறந்து போச்சுங்க" என்று சுவரோரத்திலிருந்து சென்னம்மாள் சொன்னாள். "வாய்க்கு வந்தத பேசிட்டேன். அதுல ஒண்ணும் இல்லீங்க."

மறுபடி சிரித்தார்கள். பொய் சொல்லிப் பழகாதவள் அவள். தனக்காகச் சொன்னாள் என்பது அவனுக்கு உறைத்தபோது, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இன்னொரு தரம் போடுப்பா" என்றார் நல்லுசாமி.

போடவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். ரிமோட்டை அழுத்தினான். மீண்டும் கட் சொன்னார்கள், மீண்டும் பிணம் எழுந்தது, மீண்டும் அம்மா அழுதாள். எல்லாரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். நல்லுசாமி அவன் முதுகில் தட்டி, "எப்பிடி?" என்று திரும்பிப் பார்த்தார். அவனும் சிரித்தான். முதல் தடவை தெரியாமல் சிரித்தான், இந்தத் தடவை தெரிந்தே சிரித்தான்.

சுண்டல் தீர்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாராயணம்மா போகிற போக்கில் சென்னம்மாளின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனாள். "பிளேயர் இருக்கட்டும், அம்மா ஆசை தீரப் பாக்கட்டும், பொறவு எடுத்துக்கிறேன்" என்று நல்லுசாமி வெறும் துண்டோடு கிளம்பினார். தட்டுகளைப் பொறுக்க வந்த அருணா அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"சேதி லேட்டாத்தான் வந்துச்சுன்னு என்கிட்ட சொன்னீங்க" என்றாள் மெதுவாக.

அவன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். டிவியில் மெனு வந்து நின்று, அதே நாலடி இசை முடிந்து முடிந்து மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தரம் போடு" என்று சென்னம்மாள் தெலுங்கில் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? போட்டான். யாரும் சிரிக்காத வீட்டில் அந்த டொய்ங் பெரிதாகக் கேட்டது. முகம் வந்ததும், "அங்கேயே நிறுத்து" என்றாள். நிறுத்தினான். படம் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்து, டிவிக்கு நெருக்கமாகப் போய், உள்ளங்கையால் கண்ணாடியின் தூசியைத் துடைத்தாள்.

"பாரேன், பச்சை எவ்வளவு எடுப்பா இருக்கு. கரையில இருக்கிற மாங்காகூடத் தெரியுது. அவ ஒரு தரம்தான் கட்டினா."

அவள் விரல் சேலைக் கரையிலிருந்து தோளுக்கு வந்தது, தோளிலிருந்து முகத்துக்கு, முகத்துக்கு மேலே மஞ்சள் எழுத்துக்கு. பள்ளிக்கூடமே போகாதவள், முதல் எழுத்தின் வளைவை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் தலைக்கு மேல என்னவோ எழுதியிருக்கானே" என்றாள். "என் பேரா?"

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. இசையும் இல்லாத வீட்டில், நடுங்குகிற படத்தின் மேல், அந்த முதல் எழுத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, மகன் படித்துச் சொல்வதற்காக அவள் திரும்பாமல் நின்றாள்.