அம்மாவுக்கும் ஒரு துண்டு

"எங்கம்மாவுக்கும் ஒரு துண்டு குடுங்க சார்."

இதைத்தான் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். காலையில் பஸ்ஸில் வரும்போது சொன்னாள். பேக்கரியின் பின்கேட்டில் நுழைந்து, அவள் முட்டை அறைக்கும் நான் முன்பக்கத்து ஆபீசுக்குமாகப் பிரிகிற இடத்தில், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி மறுபடியும் சொன்னாள்.

"அங்க வாயத் திறந்து திங்கிற சாமான் எதையும் கேக்காத. எனக்காகக் கேக்கவே கேக்காத."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு என் இஷ்டத்துக்கு நடப்பதில்தான் நான் பட்டமே வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, இந்த பேக்கரியில் முட்டை உடைக்கிறாள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு டம்ளரில் உடைத்து ஊற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் பெரிய டிரம்மில் கொட்ட வேண்டும். ஒரு கூமுட்டை விழுந்தால் டிரம்மே போச்சு. அந்த அறைப் பெண்களில் அம்மாவின் மூக்குக்குத்தான் மதிப்பு அதிகம். சந்தேகமான டம்ளரெல்லாம் அவளிடம்தான் வரும். அதனால் அவள் பெயரையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். சின்னவர்களுக்கு மூக்கக்கா, முதலாளிக்கு மூக்கம்மா.

இத்தனை வருடத்தில் அவள் முதலாளியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எனக்கு ஆபீசில் ஒரு வேலை. அது கிடைத்துவிட்டது. இன்றைக்கு முதல் நாள்.

ஆபீசுக்குப் புதிதாக ஆள் வந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்ஹாலில் முதலாளியே கேக் வெட்டுவார். முதல் துண்டு புதிய ஆளுக்கு. தின்றுவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "நம்ம கேக் பிடிக்கலன்னு சொல்றவங்களுக்கு நம்ம கட்டடத்துல சேர் கிடையாது" என்பது அவர் ஜோக். எத்தனையாவது தடவையாகச் சொன்னாலும் ஆபீஸ்காரர்கள் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்கள். மாவு பிசைகிறவர்களும் முட்டை அறைக்காரர்களும் கதவு வரைக்கும் வந்து நின்று கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அவர்களுக்கு கேக் கிடையாது.

நான் தின்றேன். நல்லா இருக்கு சார் என்றேன். கைதட்டினார்கள். அப்போது கதவருகே பார்த்தேன். அம்மா தலையில் பிளாஸ்டிக் தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக, ஈரக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சிநேகிதி நெட்டை அத்தை பக்கத்தில் நின்றாள். அந்த அத்தைக்கு அறைக்கதவே கழுத்து வரைக்கும்தான் என்று கேலி செய்வார்கள். எனக்கு இந்தப் பக்கத்தில் ஆபீஸ் பெண்கள், இஸ்திரி கலையாத உடுப்பில்.

அப்போதுதான் கேட்டேன்.

அம்மாவுக்கு ஆசையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேனா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கியமாக, அந்தப் பெண்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பெற்றவளைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற ஆள் இல்லை இவள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கூடக் கேட்டேன்.

அம்மா வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். பிறகு முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? மகள்னா இப்படி இருக்கணும். மூக்கம்மா, உள்ள வாங்க, ஏன் கதவுலயே நிக்கிறீங்க?"

"வேணாங்க சார். காலெல்லாம் ஈரம்."

"ஈரம்னா துடைச்சுக்கலாம். வாங்க, மக ஆசைப்பட்டுக் கேக்குது."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, விரல் நுனியில் நடந்து வந்தாள். பளபளக்கும் தரையில் அவள் பாதத்தின் ஈரம் பாதி பாதியாக விழுந்தது. முதலாளி எனக்கு வெட்டியதைப்போல இரண்டு பங்கு வெட்டித் தட்டில் வைத்தார். யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். எங்கே நிற்பதென்று தெரியாமல் அம்மா நடுவிலேயே நின்றுவிட்டாள்.

அவள் தின்றதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் விள்ளலுக்கு முன் மூச்சை இழுத்துப் பிடித்தாள். மெல்லவில்லை. மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. கண் ஓரத்தில் நீர் கோத்தது. "அடடா, சந்தோஷத்துல அழுறாங்க" என்றாள் ஒருத்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன். தட்டில் ஒட்டியிருந்த க்ரீமைக்கூட விடாமல் வழித்தாள்.

"எப்படி இருக்கு மூக்கம்மா?"

"நல்லா இருக்குங்க சார்."

எனக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இனிமே வாராவாரம் சனிக்கிழமை உங்களுக்கு ஒரு துண்டு. இங்கயே வந்து எல்லார் முன்னாடியும் சாப்பிடணும். உங்க மகளே கையால குடுப்பா. சரிதானே?"

"சரிங்க சார்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

எனக்கு ஒரு சேர் காட்டினார்கள். சுழலும் சேர். கம்ப்யூட்டர், ஒரு டிராயர், கழுத்தில் போட ஒரு அடையாள அட்டை. உட்கார முடியவில்லை. அம்மா என்ன சொல்வாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. உள்ளதைச் சொன்னால், பாராட்டு வாங்கப் போனேன்.

பாத்திரம் கழுவுகிற பின்முற்றத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். சாக்கடைக் குழி மேல் குனிந்து நின்றாள். நெட்டை அத்தை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தின்றதெல்லாம் கீழே கிடந்தது.

"வந்துட்டாங்கம்மா கலெக்டரு" என்றாள் அத்தை. "என்னடி, இன்னொரு துண்டு கொண்டாந்திருக்கியா?"

"அம்மாவுக்கு என்ன அத்தை?"

"என்னவா? உங்கம்மா முட்டைய வாயில வைப்பாளா மாட்டாளான்னு உனக்குத் தெரியாதா? ஒரே வீட்லதானே குடியிருக்கீங்க?"

"விடு நெட்டச்சி" என்றாள் அம்மா, குழாயைப் பிடித்துக்கொண்டே. "பிள்ளைக்கு என்ன தெரியும்."

"தெரியலன்னா கேட்டிருக்கணும். ஊர்ல உள்ளதெல்லாம் வாய் கிழியக் கேக்குறா, இத மட்டும் கேக்க மாட்டாளா?"

பிறகு, அம்மா வேண்டாம் வேண்டாம் என்னும்போதே, அத்தை சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்த சமயம். அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிது. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது. லீவு கேட்கப் பயந்து வந்துவிட்டாள். ஒரு கூமுட்டை அவளைத் தாண்டி டிரம்முக்குள் போய்விட்டது. அடுப்பிலிருந்து வந்த கேக்கெல்லாம் நாற்றம். அப்போதிருந்தது இந்த முதலாளியின் அப்பா. அம்மாவை முன்ஹாலுக்குக் கூப்பிட்டு, எல்லோரையும் வரவழைத்து, ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்திருக்கிறார். நீ உடைச்ச முட்டை, நீயே தின்னு.

"முழுசும் தின்ன வச்சாரு. தின்னு முடிச்சதும் எப்படி இருக்குன்னு கேட்டாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? நல்லா இருக்குங்கன்னு சொன்னா. ஹாலே சிரிச்சுது." அத்தை குழாயைத் திறந்து தரையைக் கழுவினாள். "இப்ப இருக்கறவரு அன்னிக்குக் காலேஜ் பையன். அவருக்கு ஞாபகங்கூட இருக்காது. அதுக்கப்புறம் முட்டையோ கேக்கோ இவ தொண்டைக்குள்ள போனதில்ல. இன்னிக்குத்தான் போயிருக்கு, உன் புண்ணியத்துல."

எனக்கு வீட்டு அடுப்பு கண்ணில் வந்தது. கீறல் விட்ட முட்டைகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பொரிப்பாள். புகைக்காக என்று நினைத்திருந்தேன். நீ சாப்பிடு, நான் அங்கயே சாப்பிட்டேன் என்பாள். அதைத் தியாகம் என்று வைத்துக்கொண்டேன். கல்லூரிப் பேச்சுப்போட்டியில், தன் பங்கு முட்டையையும் எனக்கே ஊட்டிய தாய் என்று தொண்டை கம்மப் பேசிப் பரிசுகூட வாங்கினேன். அம்மாவைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செத்துவிடலாம்போல் இருந்தது என்று எழுதினால் அது வெறும் பேச்சு. காது மடல் வரைக்கும் சூடேறி, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். கழுத்தில் அந்த அட்டை வேறு ஆடிக்கொண்டிருந்தது.

"நான் போய்ச் சொல்றேன். உனக்குப் பிடிக்காதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லிக் கிழிச்ச. பிடிக்காதுன்னு ஒரு வார்த்தை அவர் காதுல விழுந்தா உன் சேரு போயிரும்."

"உன்னையும் வேலைய விட்டு அனுப்பிட்டா?"

"அவள அனுப்பிட்டு?" என்றாள் அத்தை. "போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டதுக்கே ரெண்டு டிரம்ம சாக்கடையில கொட்டினாங்க. அவளத் தொட மாட்டாரு. இவளுக்குப் பயமெல்லாம் உன் சேரப் பத்தித்தான்."

அம்மா வாய் கொப்பளித்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். முகம் வெளுத்திருந்தாலும் குரல் பழையபடி இருந்தது.

"வாரத்துக்கு ஒரு துண்டுதானே. மூச்சப் பிடிச்சுக்கிட்டா முடிஞ்சிரும். அப்புறம் இங்க வந்து கக்கிக்கிறேன். நீ போய் உக்காரு."

"அம்மா."

"போன்னா போ. மூஞ்சியத் துடைச்சுட்டுப் போ, யாராவது பாக்கப் போறாங்க."

அவள் முட்டை அறைக்குள் போனாள். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை என் கையால் அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, சுழல்கிற சேரில் போய் உட்கார என்னால் முடியாது.

முதலாளி தன் அறையில் காலையில் எடுத்த படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க கேக் எனக்குப் பிடிக்கல."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னம்மா சொல்ற?"

"முட்டை நாத்தம் அடிக்குது. எனக்கு ஒத்துக்கல."

"காலையில நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதனால சொன்னேன்."

போனைக் கவிழ்த்து வைத்தார். முகம் இறுகியது. "உங்கம்மா தட்ட வழிச்சுச் சாப்பிட்டாங்க. அவங்களுக்கு இருக்கிற நன்றியில கால்வாசி இருக்கா உனக்கு?"

"இல்ல சார்."

"நாலு எழுத்துப் படிச்சதும் கொழுப்பு ஏறிடுது உங்களுக்கெல்லாம். உங்கம்மா முகத்துக்காகத்தான் வேலையே குடுத்தேன்."

"தெரியும் சார். நான் போறேன்." அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

நானே போவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "நல்லாக் கேட்டுக்க. உங்கம்மாவுக்கும் இனிமே சனிக்கிழமை துண்டு கிடையாது. என் கேக்க நாறுதுன்னு சொன்னவ வீட்டுக்கு ஒரு துணுக்குகூடப் போகாது. உன் வாயாலதான் கெட்டுச்சுன்னு நீயே போய் அவங்ககிட்ட சொல்லு."

நான் வாங்கப் போனது அதைத்தான். "சொல்லிடறேன் சார்" என்றேன்.

வெளியே போக முட்டை அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா குனிந்து ஒரு டம்ளரை முகர்ந்துகொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை. காலையில் அவளைக் கேட்காமல் ஒன்று செய்தேன். இதோ, இதுவும் அவளைக் கேட்காமல் செய்ததுதான். அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒன்றை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்து திட்டுவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. பேசாமல் இருந்துவிட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பின்கேட்டில் வாட்ச்மேன் சிரித்தார். "என்னம்மா, முதல் நாளே லீவா?"

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினேன்.