ஒன்று கூட்டினால்

குரூப்பில் வெங்கிடேஷ் போட்டிருந்தது ஒரே ஓர் எண். 1000000016000000064. அம்ருதா அதன் கடைசி இரண்டு இலக்கங்களை மறுபடி மறுபடி பார்த்தாள்.

நேற்று அவள் அங்கே போட்ட எண் 63இல் முடிந்தது. புருஷன் அதில் ஒன்றைக் கூட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்காகத் தொடங்கிய குரூப் அது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதில் உண்டு; கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடி தாங்காமல் பாலக்காட்டிலிருந்து ஓடிவந்து, மட்டாஞ்சேரியில் இஞ்சி கோடவுனுக்கு மேலே ஓர் அறையில் அவள் ஒளிந்திருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. 'கோர்ஸ் படிக்கப் போயிருக்கா' என்று வெங்கிடேஷ் எல்லாரையும் நம்ப வைத்திருந்தான். கூடப் பிறந்த இரட்டை தன்யாவுக்காவது இடத்தைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவன் தினமும் தன்யா வீட்டுக்குப் போய் அவள் போனை வாங்கிப் பார்க்கிறானே.

கணக்கு டீச்சர் புத்தி வேறெங்கே போகும்? விலாசத்தை ஒரு ஃபைலில் எழுதிப் பூட்டி, இரண்டு வீட்டாரும் ஆன்லைனில் பார்க்கும் கல்யாண போட்டோக்களுக்கு நடுவே வைத்தாள். குரூப்பில் எண்ணை மட்டும் விட்டாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பார்சல் நம்பர். மூன்றால் வகுபடாது, ஏழால், பதினொன்றால் வகுபடாது. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் நூறு கோடி தாண்டும்வரை அசைந்து கொடுக்காது. அதைப் பிளப்பவை இரண்டே பகா எண்கள்: நூறு கோடியே ஏழு, நூறு கோடியே ஒன்பது. இரட்டைப் பகா எண்கள். பள்ளிக்கூடத்தில் சகோதரிகள் இருவருக்கும் அதுதான் பட்டப்பெயர். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஃபைல் திறக்கும்.

இரட்டையருக்கே வரக்கூடிய அசட்டுத்தனம் இது. அப்படி ஒட்டி நிற்கும் இரண்டைப் பெருக்கினால், நடுவில் நிற்பதன் வர்க்கத்துக்கு ஒன்றுதான் குறையும். ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பூட்டு கையோடு வந்துவிடும். வெங்கிடேஷும் கணக்கு வாத்தியார்தான். அவள் இரட்டையில் ஒருத்தி என்பதும் அவனுக்குத் தெரியும். அவனை மறந்துவிட்டு எண்ணின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, பாவி!

ஃபைலைத் திறந்தவர் யார் என்று தேடினாள். வெங்கிடேஷ் மட்டும். அதுவும் நேற்றே. தன்யா இன்னும் பார்க்கவேயில்லை.

அடுத்த செய்தி வந்தது. "ஆலுவா தாண்டியாச்சு அம்மு. சாயா போட்டு வை." ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரி ஒரு மணி நேரம்தான். பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் வரிசையாகச் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

அம்ருதா பையை எடுத்தாள், கீழே வைத்தாள். எங்கே ஓடுவது? அவள் இருக்குமிடம் இப்போது உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதுதான் ஆபத்து.

அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியட்டும். விலாசத்தை அதே குரூப்பில் பளிச்சென்று எழுதினாள். அவன் சூடு போட்ட தன் கையைப் படமெடுத்துக் கீழே போட்டாள். 'இதைச் செய்தவன் வந்துகொண்டிருக்கிறான்' என்றும் எழுதினாள்.

நீல டிக்குகள் விழுந்தன. கடைசியில் மாமியார் கமலாக்ஷி எழுதினாள்: "நான் பாத்திருக்கேன். அவ சொல்றது நிஜம்."

வெங்கிடேஷ் குரூப்பை விட்டு வெளியேறினான்.

ஆனால் திரும்பிப் போனானா? தெரியாது. தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இங்கே வந்ததிலிருந்து குரலைத் தாழ்த்தியே பேசியவள் ஜன்னலைத் திறந்து, மூட்டை இறக்குகிறவர்களை முழுத்தொண்டையில் கூப்பிட்டாள்.

"சேட்டா! எல்லாரும் மேலே வாங்கோ!"